நாலு புத்தகத்தை மாற்றி மாற்றிப் படி

"படிக்க உட்கார்ந்தாலே பத்தாவது பக்கத்தில் தூக்கம் வருதுக்கா" என்றாயே, அதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன், தங்கச்சி. ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் விடு. இந்த இரண்டு மாதத்தில் நான்கு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். ஒன்று அலுக்கும்போது இன்னொன்று கை கொடுத்தது.

கனமான புத்தகத்துக்குக் காலை நேரம்தான் சரி. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தலையணை மாதிரி இருக்கிறதே என்று மலைக்காதே. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் அது. 1942-இல் அவர் காலமானதால் முடிவடையாமலே நின்றுபோனது. வாரத்துக்கு ஒன்றாக அன்றைக்குப் படித்தார்கள். நீ நாளுக்கு ஓர் அத்தியாயம் படி, போதும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் நிறைய வரும். ஒரு துண்டுத் தாளில் குறித்து உள்ளேயே வைத்துக்கொள்.

அதில் ஓர் இடம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பலகையில் வந்து உட்காருகிறார். வீட்டில் எண்ணெய் இல்லை. அவரிடம் மாணவராக இருந்த உ.வே.சா. கடைத்தெருவுக்கு ஓடி, கையிலிருந்த காசுக்கு எண்ணெய் வாங்கி வருகிறார். அவ்வளவு பெரிய புலவருக்கு அந்த நிலைமை! அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. இப்படி மனசு நின்றுவிடும் இடத்தில் நீயும் நிறுத்திவிடு. பக்கக் கணக்குக்காக ஓடாதே.

மத்தியானத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களுக்கே போய், தொழிலாளர்களோடு பழகி எழுதிய நாவல். வெயிலில் பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். உப்புத் தண்ணீர் காலைத் தின்னும். கூலி குறைவு, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மேலே இருக்கிற ஆண்களாலும் தொல்லை. நாவலில் வரும் பொன்னாச்சி என்ற பெண் அந்த அளத்துக்குள் போகும் பக்கங்களைப் படித்த பிறகு, குழம்புக்கு உப்பள்ளும்போது கை ஒரு நொடி தயங்குகிறது. இந்த மாதிரி நாவலை ஒரே மூச்சில் படித்தால் மனசு மரத்துவிடும். முப்பது பக்கத்தோடு மூடி வை. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே, 2009-இல் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ராத்திரி படுக்கும் முன் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. சிரிக்காதே, சமையல் புத்தகமும் படிக்கிற புத்தகம்தான். 1951-இல் வந்தது. பழைய பதிப்பு கிடைத்தால் விடாதே. படி, பலம் என்று அந்தக் காலத்து அளவுகள் இருக்கும். பக்கத்தில் அம்மா நின்று சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். பிடித்த குறிப்பு ஒன்றை மட்டும் நோட்டில் எழுது, ஞாயிற்றுக்கிழமை செய்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம். அதை மட்டும் ஒரே நாளில் படித்துவிடு. சென்னையில் குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அலையும் தெரு. அதில் ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். அக்காவின் போக்குப் பிடிக்காமல் தங்கை ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். உயிரே வேண்டாம் என்றிருக்கிற ஜமுனாவிடம் டீச்சரம்மா என்றொருத்தி தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். ஆறுதலாகத் தடவிக் கொடுக்கும் பேச்சில்லை அது, கறாரான பேச்சு. இந்த நான்கில் என்னை மிகவும் உலுக்கியது இந்தப் புத்தகம்தான்.

என் பிரதி அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. படித்துவிட்டு, டீச்சரம்மா பேசியது சரியா, அதிகமா என்று எனக்குச் சொல்.