கொழுப்பில் கிடைத்த குருத்தணு

"அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அன்று. தமிழில் கொழுப்பு என்பது திமிருக்கு மற்றொரு பெயர். உடலில் சேரும் கொழுப்புக்கும் நல்ல பெயர் இல்லை. அதைக் குறைக்கச் சிலர் ஓடுகிறார்கள். சிலர் பட்டினி கிடக்கிறார்கள். வேறு சிலர் பணம் கொடுத்து மருத்துவரிடம் சென்று, குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு எடுக்கப்பட்ட கொழுப்பு நெடுங்காலம் மருத்துவக் கழிவாகவே குப்பைக்குச் சென்றது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அந்தக் கழிவுக்குள் எதையோ தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது குருத்தணு.

குருத்தணு என்றால் என்ன? நம் உடலில் உள்ள உயிரணுக்களில் பெரும்பாலானவை ஒரே வேலைக்கென்று அமைந்தவை. தசையின் உயிரணு சுருங்கி விரியும்; நரம்பின் உயிரணு செய்தியைக் கடத்தும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இவற்றுக்கு நடுவே, இன்னும் எந்த வேலையையும் ஏற்காமல் காத்திருக்கும் உயிரணுக்களும் உண்டு. அவற்றையே குருத்தணுக்கள் என்கிறோம். ஸ்டெம் செல் என்று செய்தித்தாள்களில் வருவதும் இதுதான். குருத்தணு பிரிந்து தன்னைப் போன்றவற்றைப் பெருக்கிக்கொள்ளும். தேவை ஏற்படும்போது வேறு வகை உயிரணுவாக மாறவும் செய்யும். உடலில் நாள்தோறும் புதிய இரத்தம் ஊறுவதும், தேய்ந்த தோலுக்குப் பதிலாகப் புதிய தோல் வளர்வதும் இவற்றால்தான்.

இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இருப்பதைக் கனடாவின் டொரொன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இருவர் 1961ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இன்று இரத்தப் புற்றுநோயாளிகள் பலரின் உயிரைக் காக்கிறது. ஆயினும், எலும்புக்குள் ஊசியைச் செலுத்தி மஜ்ஜையை எடுப்பது எளிதன்று. வலி உண்டு, கிடைப்பதும் கொஞ்சம். 1998ஆம் ஆண்டில் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார் அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் தாம்சன். அவை எந்த வகை உயிரணுவாகவும் மாறக்கூடியவை. ஆனால், அவற்றைப் பெறுவதற்குக் கருவை அழிக்க வேண்டியிருந்தது. இது சரியா என்ற வாதம் பல நாடுகளில் எழுந்தது.

இந்தச் சூழலில்தான் கலிபோர்னியா, பிட்ஸ்பர்க் ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கொழுப்பின் பக்கம் திரும்பினார்கள். பட்ரீசியா சுக் என்பவரின் பெயரை முதலாகக் கொண்டு 2001ஆம் ஆண்டு வெளியான அவர்களது கட்டுரை, உறிஞ்சி எடுக்கப்பட்ட கொழுப்பிலிருந்து பிரித்த உயிரணுக்களை எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு ஆகிய நான்கு வகைகளாக ஆய்வுக்கூடத்தில் மாறச் செய்ய முடிந்ததை விளக்கியது. கருவை அழிக்க வேண்டாம். எலும்பைத் துளைக்கவும் வேண்டாம். கொழுப்போ பெரும்பாலோரிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது!

பிரித்தெடுக்கும் முறையும் அவ்வளவு சிக்கலானதன்று. கொழுப்பை உப்புநீரில் கழுவி, திசுவைக் கரைக்கும் நொதியைச் சேர்த்து, வேகமாகச் சுழலும் எந்திரத்தில் இடுவார்கள். எண்ணெய் நிறைந்த கொழுப்பு அணுக்கள் பாலாடைபோல் மேலே மிதக்கும். கனமானவை அடியில் படியும். குருத்தணுக்கள் அந்த அடிப்படிவில் இருக்கின்றன. வியப்பு என்னவென்றால், இந்த முறை 1964ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டதாகும். அதை உருவாக்கிய மார்ட்டின் ராட்பெல் கொழுப்பு அணுக்களை ஆராய்ந்தவர். ஆகவே, அவருக்கு வேண்டியது மேலே மிதந்தது மட்டுமே. அவர் வேறோர் ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். அடியில் படிந்ததற்குள் இருந்த குருத்தணுக்களோ கவனிப்பாரின்றி இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தன.

2004ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீசன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையில் பலத்த அடிபட்டு, மண்டையோட்டில் பெரிய திறப்புகள் ஏற்பட்டிருந்தன. மூளைக்குக் காப்பாக அவள் தலைக்கவசம் அணிந்தே நடமாட வேண்டியிருந்தது. மருத்துவர்கள் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து அரைத்தார்கள். அவளுடைய பின்புறக் கொழுப்பிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தார்கள். இரண்டையும் சேர்த்துத் திறப்புகளில் நிரப்பினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் புதிய எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. சிறுமிக்குத் தலைக்கவசம் தேவைப்படவில்லை.

மகிழ்ச்சியான செய்திதான். எனினும், கவனமாகப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழும். எலும்பு வளர்ந்ததற்குக் காரணம் குருத்தணுவா, அதனுடன் கலந்த அரைத்த எலும்பா? ஒரே நோயாளிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பிரித்துச் சொல்ல இயலாது. சிகிச்சை அளித்த மருத்துவர்களின் நோக்கம் சிறுமியைக் காப்பாற்றுவது; அதில் அவர்கள் வெற்றி பெற்றார்கள். ஆனால், ஒரு சிகிச்சை பயன் தருகிறது என்று மற்றவர்களுக்கும் பரிந்துரைக்க அது மட்டும் போதாது. ஒரு சாராருக்குச் சிகிச்சையும் மறுசாராருக்குச் சிகிச்சைபோலவே தோன்றும் வெறும் நீரும் கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைத்து வைத்து, இறுதியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், செலவும் அதிகம்.

அத்தகைய ஒப்பீட்டில் தேறிய மருந்தும் ஒன்று உண்டு. குரோன் நோய் என்பது குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் நோய். அந்நோய் கண்டவர்களில் சிலருக்கு ஆசனவாய் அருகே பவுத்திரம் தோன்றி, ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். உட்காருவதும் துன்பம், வெளியில் சொல்லவும் கூச்சம். ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் அந்தப் புண்ணில் கொழுப்பிலிருந்து பிரித்த குருத்தணுக்களைச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கே அவை புதிய சதையாக மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குருத்தணுக்கள் வெளியிடும் சில வேதிப்பொருள்கள் அழற்சியைத் தணிக்கும் என்பதே நம்பிக்கை. இந்த முறை பின்னர் 'அலோபிசெல்' என்னும் மருந்தாக உருவானது. நன்கொடையாளர்களின் கொழுப்பிலிருந்து பெற்று வளர்க்கப்பட்ட 12 கோடி உயிரணுக்கள் ஒரு முறைக்குத் தேவைப்பட்டன. 212 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 50 விழுக்காட்டினருக்குப் பவுத்திரம் ஆறியது. வெறும் நீர் பெற்றவர்களில் அது 34 விழுக்காடு. 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

கதை அங்கே முடியவில்லை. 500க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட இன்னொரு பெரிய ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவு 2023ஆம் ஆண்டில் தெரிந்தபோது, இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அலோபிசெல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்காக உழைத்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஆயினும், தவறான நம்பிக்கை மேலும் பரவாமல் நின்றது அந்த இரண்டாம் ஆய்வு நேர்மையாக நடந்ததால்தான்.

இந்தப் பொறுமை எல்லாரிடமும் இருப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தனியார் மருந்தகம் ஒன்று, முதுமையில் பார்வையைக் குறைக்கும் விழித்திரை நோய்க்குக் குருத்தணுச் சிகிச்சை அளிப்பதாகக் கூறியது. 2015ஆம் ஆண்டில் 72 வயதிலிருந்து 88 வயது வரையிலான மூன்று பெண்மணிகள் அங்குச் சென்றார்கள். ஆளுக்கு 5,000 அமெரிக்க டாலர் கட்டணம். அவர்களுடைய கொழுப்பை எடுத்து, அதிலிருந்து பிரித்த அணுக்களை அவர்களுடைய கண்களுக்குள்ளேயே செலுத்தினார்கள். அதுவும் ஒரே நாளில் இரண்டு கண்களிலும்! ஒரு கண்ணில் செலுத்திவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு மற்றக் கண்ணைத் தொடும் சாதாரண எச்சரிக்கைகூட அங்கே இல்லை. சில நாள்களுக்குள் கண்களில் இரத்தக்கசிவு ஏற்பட்டது, விழித்திரை பிரிந்தது. சிகிச்சைக்கு முன் மூவருக்கும் ஓரளவு பார்வை இருந்தது. ஓராண்டுக்குப் பின், அவர்களில் ஒருவரால் வெளிச்சத்தைக்கூட உணர முடியவில்லை. மற்ற இருவரும் பார்வையின் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னர் சிகிச்சை அளித்த கண் மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டில் இதை மருத்துவ இதழில் எழுதி உலகுக்குத் தெரிவித்தார்கள்.

அந்தப் பெண்மணிகளை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அது முறையான மருத்துவ ஆய்வு என்று நம்பிச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசாங்க இணையத்தளத்தில் அது இடம்பெற்றிருந்ததே அதற்குக் காரணம். அந்தத் தளத்தில் பதிவு செய்திருப்பதாலேயே ஓர் ஆய்வுக்கு அரசு ஒப்புதல் இருப்பதாக ஆகிவிடாது. மேலும், முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்குப் பெருங்கட்டணம் வாங்குவது வழக்கமன்று. இந்த இரண்டு செய்திகளையும் நோயாளிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இத்தகைய மருந்தகங்கள் ஒரு வாதத்தை முன்வைத்தன. "நோயாளியின் சொந்த உயிரணுக்களை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறோம். இது மருந்தே அன்று. அரசு ஏன் தலையிட வேண்டும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், வயிற்றுக் கொழுப்பின் வேலை ஆற்றலைச் சேமிப்பதும் உடலுக்கு மெத்தையாக இருப்பதுமே. அதை நொதியால் கரைத்து, பிரித்து, கண்ணுக்குள் செலுத்தும்போது அது பழைய கொழுப்பும் அன்று, பழைய வேலையும் அன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவ்வாறு வாதிட்டு வழக்குத் தொடுத்தது. 2019ஆம் ஆண்டில் புளோரிடாவிலும், 2024ஆம் ஆண்டில் மேற்குப் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இதற்கிடையே, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை முதுகுத்தண்டு அடிபட்டு உடல் செயலிழந்த பத்துப் பேருக்கு, அவரவர் கொழுப்பிலிருந்து பெற்ற குருத்தணுக்களைச் செலுத்தியது. அணுக்களை ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் வளர்த்து 10 கோடியாகப் பெருக்கிய பின்பே செலுத்தினார்கள். 2024ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. எழுவருக்கு உணர்வோ அசைவோ ஓரளவு திரும்பியிருந்தது. விரலைக்கூட அசைக்க முடியாதிருந்தவருக்கு அந்தச் சிறு அசைவு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், விபத்துக்குப் பின் சிலருக்குத் தானாகவே ஓரளவு குணம் தெரிவதும் உண்டு. இந்த முதல் ஆய்வு, சிகிச்சை பாதுகாப்பானதா என்று அறிவதற்காகவே நடத்தப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மறுசாரார் இல்லை. அதற்கென வகுக்கப்பட்ட அடுத்த கட்ட ஆய்வில் ஒரு சாராருக்குக் குருத்தணுவும், மறுசாராருக்கு இப்போது கிடைக்கும் மிகச் சிறந்த வழக்கமான சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன.