சிவப்பு ஐசிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்த மருமகள்கள் மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் பல வீடுகளில் உண்டு. கணவரிடம் நீல ஐசி, பிள்ளைகளிடம் மைகிட். வீட்டையே நடத்துகிறவர் மட்டும் கடப்பிதழில் பாஸ் குத்தி வாங்கிக்கொண்டிருப்பார். நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.), அதாவது சிவப்பு ஐசிக்கு, மனுப் போட்ட பிறகு பதில் வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கோப்பில் எழுதியதும் வீட்டில் நடப்பதும் ஒத்துப்போக வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அதற்குத்தான். கட்டணமும் பாரங்களும் அவ்வப்போது மாறும் என்பதால், அவற்றை மட்டும் ஆயர் குரோவில் உள்ள குடிநுழைவுத் துறை முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தாலி கட்டியதோடு நின்றுவிடாதீர்கள். 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சட்டப்படி, பதிவு செய்தால்தான் அது திருமணம். கோயிலில் ஊரறிய நடந்த கல்யாணமாக இருந்தாலும் பதிவு இல்லையென்றால், பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை வராது. தாயின் நிலைதான் வரும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவர். பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்தக் குழந்தையின் சிக்கல் எளிதில் தீராது. பள்ளியில் சேர்க்கப் போகும் நாளில் இது தெரியவந்து பெற்றோர் கலங்கி நிற்பதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. ஆகவே முதல் குழந்தைக்கு முன்பே பதிவை முடியுங்கள். தமிழ்நாட்டில் திருமணம் நடந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, திரும்பி வந்து தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும்.

2. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஊரில் 'லக்ஷ்மி', இங்கே கல்யாணச் சான்றிதழில் 'லெட்சுமி'. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், கடப்பிதழில் அப்பா பெயர் முழுதாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள். அதிகாரிக்கு அவை மூன்று பெயர்கள். ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எப்படி இருக்கின்றன என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி, மனுவோடே கொடுத்துவிடுங்கள். நேர்காணலில் அவர்கள் கேட்ட பிறகு விளக்குவதைவிட இது மேல்.

3. அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்ப்பு முத்திரை பெரும்பாலும் தாளின் பின்பக்கத்தில்தான் விழும். பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் குத்த இடமில்லை.

4. கட்டண ரசீதுகள் பல, சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாளில் வருகின்றன. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். லேமினேட் சூடு பட்டால் தாளே கறுத்துப்போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, இரண்டையும் பின் செய்து வையுங்கள்.

5. பழைய லயத்து வீடோ தாமான் வீடோ, நம் ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது. பூச்சியும் அரிக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் வகைவாரியாகப் போட்டு, காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டு வேண்டாம். 2022 ஜனவரி வெள்ளம் அலோர் காஜாவையும் ஜாசினையும் என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்து, கணவர் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

6. பாஸ் முடியும் தேதியையும் கடப்பிதழ் முடியும் தேதியையும் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையில் குறியுங்கள். கடப்பிதழின் ஆயுளைத் தாண்டிப் பாஸ் கிடைக்காது. ஆகவே கடப்பிதழை முதலில் புதுப்பிக்க வேண்டும். பி.ஆர். மனு நிலுவையில் இருக்கிறதே என்று பாஸைக் காலாவதியாக விடாதீர்கள். ஒரு நாள் தாண்டினாலும் சட்டப்படி குற்றம். பாஸ் புதுப்பிக்கக் கணவரும் வர வேண்டியிருக்கும். அவர் ஷிப்ட் வேலை என்றால் விடுப்பை முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். பழைய கடப்பிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த நாட்டில் இத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதற்கு அவற்றில் உள்ள முத்திரைகளே சான்று.

7. கடப்பிதழ் உங்கள் அலமாரியில், உங்கள் கையில் இருக்க வேண்டும். மாமியாரிடமோ முதலாளியிடமோ ஏஜெண்டிடமோ அல்ல. இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

8. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் பி.ஆர். மனுவுக்கு, குடிமகனின் மனைவி நீண்டகாலப் பாஸில் ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே இருந்ததைத்தான் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் ஊரில் தங்கினால் அந்தத் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகலாம். குழந்தை அங்கே பிறந்தால் ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அம்மாவை இங்கே வரவழைத்து மலாக்கா பொது மருத்துவமனையிலேயே பிள்ளை பெற்றுக்கொள்வது நல்லது.

9. பத்து பெரண்டாம், செங் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போய்விடாதீர்கள். குடிமகனின் மனைவி வேலை செய்ய அனுமதி கேட்டு மனுச் செய்ய வழி இருக்கிறது. அனுமதி கைக்கு வந்த பிறகு போங்கள்.

10. மலாய் பேசப் பழகுங்கள். பிள்ளை தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் படிக்கும் மலாய்ப் புத்தகமே அம்மாவுக்கும் போதுமான ஆரம்பம். இரவில் பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். காலையில் பாசாரில் மீன்காரரிடம் அதைப் பேசிப் பாருங்கள். வீட்டு முகவரி, கணவரின் வேலை, பிள்ளைகளின் வயது, பள்ளிப் பெயர் ஆகியவற்றைத் தடுமாறாமல் மலாயில் சொல்ல வரவேண்டும். ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

11. நேர்காணல் நாள். முதல் நாளே ஆவணங்களை அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசையில் அடுக்குங்கள். அசல் ஒரு கோப்பு, நகல் ஒரு கோப்பு. மின்சார பில், தண்ணீர் பில், கணவரின் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கட்டும். படத்துக்குப் பின்னால் தேதியும் ஊரும் பென்சிலால் எழுதுங்கள். அரசு அலுவலகங்களில் உடை விதி உண்டு: கையில்லாச் சட்டை, அரைக்கால்சட்டை, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். சேலையோ பஞ்சாபி உடையோ தாராளமாக உடுத்தலாம். அஸாஹானிலிருந்தோ பத்தாங் மலாக்காவிலிருந்தோ பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் அன்று மட்டும் கார் ஏற்பாடு செய்யுங்கள். பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.

கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்கவும் கூடும். எப்படிச் சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன வேலை என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தாம். முந்தின இரவு பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒப்பித்தால் குரலிலேயே தெரிந்துவிடும். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் "மாஆஃப், போலே உலாங் செகாலி லாகி?" என்று கேட்டால் போதும். தலையாட்டி வைப்பது ஆபத்து. கணவர் குறுக்கே புகுந்து பதில் சொல்லாமல் இருப்பதும் பெரிய உதவி.

12. வீடு மாறினால், கைப்பேசி எண் மாறினால், குழந்தை பிறந்தால், கணவர் வேலை மாறினால் உடனே மனு எண்ணைச் சொல்லி எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் நகல் வாங்குங்கள். தோட்டம் விற்கப்பட்டு லயம் இடிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். இல்லாத முகவரிக்குப் போன கடிதம் உங்களைத் தேடி வராது.

13. "உள்ளே ஆள் இருக்கிறார், இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்று சொல்கிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பணம் முகப்பில் மட்டும், ரசீதோடு மட்டும்.

14. அனுமதி வந்ததும் வேலை முடியவில்லை. தேசியப் பதிவுத் துறையில் சிவப்பு ஐசி எடுக்க வேண்டும். ஊருக்குப் போவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு ஐசிக்கு ஓட்டுரிமை இல்லை; அரசியல் சட்டத்தின் 15ஆவது விதியின் கீழ்க் குடியுரிமை கேட்பது அடுத்த படி.

15. வீட்டில் சிவப்பு ஐசியோடு ஒரு பாட்டி இருக்கலாம். இங்கேயே லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதால் அப்படியே நின்றுபோனவர்கள் அவர்கள். 1957 ஆகஸ்ட் 31க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 16ஆவது விதி குடியுரிமைக்கு வழி வைத்திருக்கிறது. 60 வயது தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று 2018இல் பிரதமர் மகாதீரே அறிவித்தார். மருமகளின் மனுவுக்கு அலையும்போதே பாட்டியின் மனுவையும் விசாரியுங்கள். பழைய செக்ரோல் பதிவு, தோட்ட மருத்துவமனைச் சீட்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், சேமநிதிக் கணக்கு, கூடப் பிறந்தவர்களின் நீல ஐசி நகல் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். பாட்டியின் பிறப்பை அறிந்த மூத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். அலுவலகத்தில் மூத்த குடிமக்களுக்குத் தனி எண் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.