சங்கம் நமக்கும் உண்டு, சிப்பந்திக்கும் உண்டு



நம் சங்கம் எதற்காகத் தோன்றியது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். தனிக் கடைக்காரர் ஒருவர் நகராண்மைக் கழகத்தின் வாயிலில் போய் நின்றால் அவர் சொல் எடுபடுவதில்லை. லைசென்ஸ் விஷயமாயினும், கடை வாடகை விஷயமாயினும், வெளிநாட்டு ஆள் எடுக்கும் விஷயமாயினும், நூறு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால்தான் அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பலர் கூடினால் பலம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். இதே நியாயம் நம் கடையில் தட்டேந்தி நிற்கும் சிப்பந்திக்கும் உண்டா? இக்கேள்வியே இம்மாதப் பாடம்.

தொழிற்சங்கம் என்றதுமே நம்மில் பலருக்கு வேலைநிறுத்தமும் கூச்சலுமே நினைவுக்கு வருகின்றன. சங்கம் இல்லாத இடத்தில் அமைதி நிலவும், வியாபாரம் செழிக்கும் என்று எண்ணுகிறோம். மலேசியாவின் அனுபவம் இதற்கு மாறான பாடத்தைப் போதிக்கிறது.

சங்கங்கள் தளர்ந்த வரலாறு

இந்நாட்டில் தொழிற்சங்கங்கள் தாமாகத் தேய்ந்துவிடவில்லை. யுத்தம் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில் தோன்றிய அகில மலாயாத் தொழிற்சங்க இயக்கம், மறு ஆண்டிலேயே 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தன்பால் சேர்த்துக்கொண்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரும் ஒரே அணியில் நின்றனர். அதில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு மிகுந்திருந்ததும் மறுக்க முடியாத உண்மை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகக் கூடலாம், அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவரே நிர்வாகியாகலாம் என்று விதிகள் வந்தன. அதே மாதம் அவசரகாலமும் பிறந்தது. சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் மிதவாதச் சங்கங்கள் வளர்ந்தன. பி. பி. நாராயணன் போன்றோரின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி ஒரு தேசிய சங்கமாயின. ஆயினும், தொழில்வாரியாகப் பிரித்துவைக்கும் விதி 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஒரு தொழிலில் உள்ளவர் வேறு தொழிலுக்குரிய சங்கத்தில் சேரலாகாது என்பதே அதன் சாரம்.

கேட்பதற்கு இது சிறிய விதி. இதன் பலனோ பெரிது. 1972ஆம் ஆண்டு முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் அந்நிய நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பத்திலிருந்து வந்து வேலைக்கு அமர்ந்தார்கள். மின்சாரப் பொருள் தொழிலாளர் சங்கம் அவர்களையும் சேர்த்துக்கொள்ள முயன்றது. மின்னணுத் தொழில் வேறு, மின்சாரப் பொருள் தொழில் வேறு என்று கூறித் தடுத்துவிட்டார்கள். 1988ஆம் ஆண்டில்தான் வழி பிறந்தது. அதுவும் தேசிய சங்கம் அன்று, அந்தந்தத் தொழிற்சாலைக்குள் மட்டும் இயங்கும் உட்சங்கம். கண்டங்கள் தோறும் கிளை பரப்பிய கம்பெனி ஒரு புறம், ஒரு மதிற்சுவருக்குள் அடைபட்ட சங்கம் மறு புறம் என்றால், பேரம் எப்படிச் சமமாகும்?

இதற்கிடையில் மற்றொரு மாறுதலும் வந்தது. தோட்டப் பிள்ளைகள் பட்டணம் போனார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தார்கள். பலருக்கு உழைப்பது ஓரிடம், பெயர் இருப்பதோ ஏஜெண்டின் புத்தகத்தில். அவர்கள் சங்கத்தில் அங்கத்தினராகச் சேரச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கும்போது யார் துணிந்து சேருவார்? இன்று மலேசியத் தொழிலாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேரே சங்கத்தில் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் தொழில்வாரித் தடையை நீக்கியிருக்கிறது. வரவேற்கிறோம். எனினும் பல தலைமுறைப் பழக்கம் ஒரு கையெழுத்தில் மாறிவிடாது.

குரல் வேறு வாசலில் வந்தது

இனி, சங்கம் தளர்ந்ததால் முதலாளிகள் கண்ட சுகம் என்ன என்று பார்ப்போம்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது ரப்பர் கையுறைக்குக் கிராக்கி ஏறியது. கையுறைத் தொழிலில் உலகிலேயே பெரியதான மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனம் அதுவரை காணாத இலாபத்தைக் கண்டது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, அதன் இரு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து வைத்தது. நவம்பரில் கிள்ளானில் உள்ள அதன் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவி, ஆயிரக்கணக்கானோர் பீடிக்கப்பட்டனர். நெருக்கமாக ஆட்களைத் தங்கவைத்த செய்தி உலகெங்கும் பரவியது. தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூட நேர்ந்தது. 2021 மார்ச்சில் தடை இன்னும் இறுகியது. தொழிலாளர்கள் ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்துக்கு ஈடாகவும் பிறவற்றுக்காகவும் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, விடுதிகளையும் சீர்செய்த பிறகே, அவ்வாண்டு செப்டம்பரில் தடை நீங்கியது.

அதே 2021 நவம்பரில், தொழிலாளர் நிலையைப் பற்றிய தணிக்கை ஒன்றை அடுத்து, டைசன் நிறுவனம் ஜோகூரில் தனக்குச் சாமான் செய்து தந்த ஏ.டி.ஏ. நிறுவனத்துடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது.

இதன் கருத்து யாது? விடுதியில் இடமில்லை, ஊரில் வாங்கிய கடன் தீரவில்லை என்ற முறையீட்டை உள்ளேயே கேட்டுத் தீர்க்க ஒரு வழி இருந்திருக்க வேண்டும். வீட்டு வாசலை அடைத்தோம். முறையீடு கடல் கடந்து போய், வாங்குபவன் வாசல் வழியாகத் திரும்பி வந்தது. அப்படி வந்தபோது பேரம் பேச இடமில்லை, அவன் வைத்ததே விலை.

சங்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சங்கம் இருந்தும் தோட்டத் தொழிலாளி பல்லாண்டு குறைந்த கூலியிலேயே காலம் கழித்தார். ஆனால் பேச ஓர் ஆள் இருந்தார். கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதுவும் இல்லாத இடத்தில் மௌனமே மிஞ்சும். மௌனத்தைத் திருப்தி என்று எண்ணுவது முதலாளி செய்யும் பெரிய தவறு.

நாம் செய்யத் தக்கது

நாம் பெரிய கம்பெனிகள் அல்லோம். பேரங்காடிகள் நம் மளிகைக் கடைகளை நெருக்கும்போது நாமும் அப்பெருமுதலின் அழுத்தத்தை அறிந்தவர்களே. ஆனால் நம் கடைக்குள் நாமே முதலாளி. நான்கு ஆள் வைத்திருப்பவருக்கும் நானூறு ஆள் வைத்திருப்பவருக்கும் கடமை ஒன்றே.

முதலாவது, சிப்பந்தியின் பாஸ்போர்ட் சிப்பந்தியிடமே இருக்கட்டும். பத்திரமாக இருக்கட்டுமென்று கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டுவது நம்மவரிடையே பழைய வழக்கம். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டிவிட்டு வந்தாய் என்று ஆளைக் கேட்போம். நிலத்தை அடகு வைத்து வந்தவன் விலகவும் அஞ்சுவான், முறையிடவும் அஞ்சுவான். அந்த அச்சத்தின்மீது நடக்கும் வியாபாரம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, கணக்கு வெளிச்சமாக இருக்கட்டும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்று சட்டம் குறைத்தது. கட்டாய உழைப்பும் குற்றமாக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் சிறு கடைகளுக்கும் சேர்த்து 1,700 வெள்ளி என்றாயிற்று. பிடித்தம் உண்டானால் எதற்கென்று எழுதிக் கொடுப்போம். உழைத்தவனுக்குரிய கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நாம் சிறு வயதில் மதரஸாவில் கற்ற பாடந்தானே?

நான்காவது, மாதம் ஒரு நாள் கடை அடைத்தபின் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் குறையைக் கேட்போம். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து பேசச் சொன்னால் அதை எதிர்ப்பாக எண்ணாதிருப்போம்.

இவற்றால் செலவு கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடும்; மறைக்கவில்லை. லெவியும் வாடகையும் ஏறிய காலத்தில் இது பாரமே. ஆனால் அந்தப் பாரத்தைக் குறைக்கச் சர்க்காரிடம் பேச நமக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நம் சிப்பந்திக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்? நமக்கு நியாயமாய்ப் பட்ட உரிமை அவருக்கும் நியாயமே என்பதைச் சிந்திப்போமாக. நம் கடையிலிருந்தே தொடங்குவோமாக.