‘யார் சொன்னது?’ என்று கேட்கப் பழக்குவோம்

 

நம் வாலிபர்களின் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது, நேரம் வீணாவதையும் கண் கெடுவதையும்தான் பெரும்பாலும் சொல்கிறோம். அவற்றைவிட ஆழமான பாதிப்பு ஒன்று உண்டு. வந்த செய்தியை விசாரிக்காமல் நம்புவதும், நம்பிய உடனே பிறருக்கு அனுப்புவதும் முதலில் பழக்கமாகிறது. பிறகு அதுவே குணமாகிவிடுகிறது.

இதன் விளைவை நம் தமிழகமே கண்டது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, அந்த வதந்தியை நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்தால் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பலர், தம் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே எண்ணியிருப்பார்கள். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதன்பின் அந்த நிறுவனம் சில தடைகளைக் கொண்டுவந்தது. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பல கை மாறி, இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. ஆனால் அந்த அம்புக்குறி, செய்தி கை மாறி வந்ததை மட்டுமே காட்டும். முதலில் சொன்னவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்கும் இந்தப் பண்பு நம் சமுதாயத்தின் சொத்து. நபிமொழி ஒன்றைக் கேட்டால், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எப்படி என்று ஆராய்ந்த பிறகே இமாம் புகாரி (ரஹ்) போன்றோர் பதிவு செய்தார்கள். இதையே ‘இஸ்னாத்’ என்கிறோம். அப்படிப்பட்ட முன்னோர்களின் பிள்ளைகள் இன்று, “இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும்” என்று நூல் பெயரும் இல்லாமல் வருவதை ஹதீஸ் என நம்பி அனுப்புகிறார்கள். பெரியவர்கள் அனுப்புவதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, உண்மையான முஸ்லிம்கள் சிலரும் அதைப் பேசினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அந்தக் குடும்பம் பட்ட வேதனையை நாம் அறிவோம். அன்னையாரின் தூய்மையை அறிவித்த அந்நூர் அத்தியாயம், அறியாததை வாய்வழியாகப் பரப்பி அதை அற்பமாகக் கருதியவர்களைக் கண்டித்தது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அன்று நாவுக்குச் சொன்னது இன்று விரலுக்கும் பொருந்தும்.

ஆகவே, பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதோடு கடமை முடிந்துவிடாது. எதையும் அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள். இதைச் சொன்னவர் யார்? இது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையாகவே இருந்தாலும், இதனால் யாருடைய மானமாவது போகுமா? மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. ஒரு பெண்ணைப் பற்றிய படமோ குரல்பதிவோ குழுவில் வந்தால், அது உண்மையானால் பரப்புவது புறம், பொய்யானால் அவதூறு. இரண்டுமே பாவம். அத்தகையது தன் கைக்கு வந்தால் அங்கேயே அழித்துவிடுவதுதான் ஆண்மை என்று நம் பையன்களிடம் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளின் நாவையும் விரல்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.