சிகிச்சை அறைக்குள் சம்மதம்

அன்புள்ள தம்பி,

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து உன் கைக்கு வந்த கட்டைப் பற்றி நீ அனுப்பிய குறிப்பைப் படித்தேன். மனச்சோர்வுக்காகத் தனியார் சிகிச்சையாளர் ஒருவரிடம் போன பெண், அங்கே நடந்ததை இப்போதுதான் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். குறிப்பின் அடியில் நீ எழுதியிருப்பது: “ரெண்டு பேரும் மேஜர். அவங்களாவேதான் போயிருக்காங்க. மெசேஜும் அவங்கதான் முதல்ல அனுப்பியிருக்காங்க. இதுல கேஸ் எங்கே சார் இருக்கு?”

அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டியதை நீ கேட்டிருக்கிறாய். அவரும் இதே வரிசையில்தான் கேட்பார். பதிலை இப்போதே தேடிக்கொள்.

பழக்கதோஷத்தில் நீ பொய்த் திருமண வாக்குறுதியைப் பிடிக்கும் 69ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறாய். திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னாரா என்று கட்சிக்காரரிடம் கேட்டிருக்கிறாய். காவல் நிலையத்திலும் அதைத்தான் கேட்டார்களாம். ஒரு பெண் இப்படியொரு புகாரோடு வந்தால் கல்யாணத்தைத் தவிர வேறு எதையும் கேட்கத் தோன்றாதா உங்களுக்கெல்லாம்? பாரதிய நியாய சன்ஹிதாவில் 69க்கு ஒரு படி மேலேதான் 68 இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர், நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர், மருத்துவமனை நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர், அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை உடலுறவுக்குத் தூண்டி இணங்க வைத்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல். அந்த உறவு பாலியல் வன்புணர்ச்சி என்ற வரையறைக்குள் வராவிட்டாலும் குற்றம் என்று பிரிவே சொல்கிறது. அதாவது, அந்தப் பெண் இணங்கினார் என்றே வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பிரிவு அது. நீ கேஸ் இல்லை என்று நினைத்த இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது.

இந்தப் பிரிவு வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் அதை நீதிமன்றத்தில் தெம்பாக எடுத்து வைக்க முடியும். காவல் நிலையப் பாலியல் வன்முறை பற்றிய மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் உனக்குத் தெரியும். அதன் விளைவாக 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தவற்றில் ஒன்று 376டி. அது மருத்துவமனை நிர்வாகிகளையும் ஊழியர்களையும் மட்டுமே பிடித்தது. வீட்டு மாடியில் இரண்டு நாற்காலி போட்டுக் கவுன்சலிங் நடத்துகிறவர் அதற்குள் வரமாட்டார். 2013 திருத்தத்தில்தான் எல்லாவற்றையும் 376சி என்று ஒன்றாக்கி, நம்பிக்கைப் பொறுப்புள்ள உறவு என்பதையும் சேர்த்தார்கள். அதுதான் இன்றைய 68. சிகிச்சையாளருக்கு என்ன பட்டம், எந்தக் கவுன்சிலில் பதிவு என்று அது கேட்பதில்லை. மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராக இருந்தாலும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கி போர்டு மாட்டியவராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெண் அவரை நம்பித் தன்னை ஒப்படைத்திருந்தாரா?

இனி மெசேஜுக்கு வருகிறேன். நீ அதைப் பலவீனம் என்று நினைக்கிறாய். சிகிச்சைக்கு வருகிறவர் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத கவனிப்பை அந்த அறையில் முதன்முறையாகப் பெறுகிறார். அப்பாவிடம், கணவனிடம் எதிர்பார்த்து ஏமாந்ததெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் போய் விழுகிறது. டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று உளவியலார் இதைச் சொல்வார்கள். ஃப்ராய்ட் 1915இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நோயாளிக்கு வரும் காதலைக் கிளப்பிவிடுவது சிகிச்சைச் சூழல்தான், அதைத் தன் கவர்ச்சிக்குக் கிடைத்த வெற்றியாக வைத்தியர் எண்ணக் கூடாது, அதற்கு இணங்கவும் கூடாது என்பது அவர் வாதம். நூறாண்டுக்கு மேலாக இந்தத் தொழிலின் அரிச்சுவடியில் இருக்கும் பாடம். ஆகவே உன் கட்சிக்காரர் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய மெசேஜ் ஒரு நோய்க்குறி. அதைப் படித்துக் கையாளக் கற்றவர் சிகிச்சையாளர். அதற்காகத்தான் கட்டணம் வாங்கினார். பதிலுக்கு அவர் என்ன அனுப்பினார் என்பதல்லவா கேள்வி? நீ அச்செடுத்து அனுப்பிய தாள்களில் பெண்ணின் மெசேஜுக்கு மட்டும் மஞ்சள் அடித்திருக்கிறாய். அவர் பதில்களுக்கு அடி.

இந்த வாதம் ஒரு நீதிமன்றத்தில் எப்படி வென்றது என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. சட்ட நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய், கையில் சிக்கிய இந்தத் தீர்ப்பைப் படித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். ராய் எதிர் ஹார்டாக்ஸ், நியூயார்க், 1975. ரெனாட்டஸ் ஹார்டாக்ஸ் அந்த நகரின் பேர்பெற்ற மனநல மருத்துவர். பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டை 1953இல் பரிசோதித்தவர். பின்னால் கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையம் அவரைக் கூப்பிட்டு சாட்சியம் வாங்கியது. காஸ்மோபாலிட்டன் பத்திரிகையில் வாசகர்களுக்கு ஆலோசனையும் எழுதினார். அவரிடம் 1969 மார்ச்சிலிருந்து 1970 செப்டம்பர் வரை சிகிச்சை பெற்ற பெண், அதில் கடைசிப் பதின்மூன்று மாதம் உடலுறவையே சிகிச்சையின் பகுதி என்று சொல்லித் தன்னை இணங்க வைத்தார் என்று நஷ்டஈடு கேட்டார்.

ஹார்டாக்ஸ் தரப்பு சட்டவாதத்தைக் கவனி. ஆசைகாட்டி மயக்கியதற்காக வழக்குப் போடும் உரிமையை நியூயார்க் மாநிலம் 1935இலேயே ஒழித்திருந்தது. காதல் ஏமாற்று வழக்குகள் மிரட்டிப் பணம் பறிக்கப் பயன்படுகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். இதுவும் அந்த ரகம்தான், வயதுவந்த பெண் தானே இணங்கினார், ஆகவே தள்ளுபடி செய்யுங்கள் என்றார்கள். உன் கேள்விதான், ஆங்கிலத்தில். நீதிபதி ஏற்கவில்லை. காப்பாளருக்கும் அவர் பாதுகாப்பில் வளரும் பிள்ளைக்கும் இடையிலுள்ள உறவைச் சட்டம் எப்படிப் பார்க்கிறதோ, அந்த வரிசையில் இந்த உறவையும் வைத்தார். சிகிச்சை என்ற பெயரில் பெற்ற இணக்கம் பாதுகாப்பாகாது, இது மயக்கிய வழக்கன்று, மருத்துவக் கடமை தவறிய வழக்கு என்று தீர்ந்தது. ஜூரி மூன்றரை லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1976இல் மேல்முறையீட்டில் தண்டனை நஷ்டஈடு முழுக்கப் போய், மிச்சமும் 25,000 டாலராகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் அடிப்படை நிலைத்தது.

இந்த வழக்கின் வால் பகுதி இன்னும் முக்கியம். வழக்கு நடத்திய செலவைக் கேட்டுத் தன் காப்பீட்டு நிறுவனத்தின்மீது ஹார்டாக்ஸ் வழக்குப் போட்டார். மருத்துவக் கடமை தவறியதாகத்தானே தீர்ப்பு, அப்படியானால் பாலிசி பணம் தர வேண்டும் என்பது கணக்கு. 1977இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நோயாளியின் கண்ணில் அது சிகிச்சை. செய்தவருக்கோ அது சிகிச்சையில்லை, தன் சுகத்துக்காகச் செய்தது என்று நன்றாகவே தெரியும். ஒரே செயலை இரண்டு பேரிடமிருந்தும் பார்த்து, அவரவருக்குத் தெரிந்ததை வைத்து அளந்த தீர்ப்பு. உன் வாதுரையில் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவா.

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்று எழுதாதே, தெரியும். நம் பிரிவிலேயே நம்பிக்கைப் பொறுப்பு என்பது இருக்கும்போது அதன் பொருளை விளக்க எங்கிருந்தும் வெளிச்சம் வாங்கலாம். விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்கள் எண்பதுகளிலேயே இதைத் தனிக் குற்றமாக்கின. கலிபோர்னியாவில், முந்தைய சிகிச்சையாளர் இப்படி நடந்துகொண்டார் என்று ஒரு நோயாளி சொன்னால், கேட்கும் புதிய சிகிச்சையாளர் அவர் உரிமைகளை விளக்கும் அரசுக் கையேட்டை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் அப்படியொன்று இல்லாதது வெட்கக்கேடு.

காதலே மருந்து என்ற எண்ணம் நம் மனதில் ஊறிக் கிடப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1959இல் வந்த வங்காளப் படம் ‘தீப் ஜ்வேலே ஜாய்’ பார்த்திருக்கிறாயா? மனநோயாளியைக் குணப்படுத்த, அவனைக் காதலிப்பதுபோல் நடிக்கச் சொல்லி நர்ஸை ஏவுகிறார் டாக்டர். சுசித்ரா சென் நர்ஸ். தெலுங்கில் சாவித்திரி நடித்தார். இந்தியில் ‘காமோஷி’ என்று வந்தது. கடைசியில் நர்ஸுக்கே புத்தி பேதலித்துவிடும். மிக நல்ல படம். ஆனால் அந்த டாக்டர்மேல் வர வேண்டிய கோபம் யாருக்கும் வருவதில்லை.

பணம் போன கணக்கைப் பார்த்தாயா? உன் கட்டிலேயே இருக்கிறது. ஜிபே பட்டியலில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் 800 ரூபாய் போகிறது. ஆடி மாதத்தோடு அந்த வரி நின்றுபோகிறது. அப்பாயின்ட்மெண்ட் நிற்கவில்லை, மாலை நாலரை மணியாக இருந்தது, வரவேற்பறைப் பெண் வீட்டுக்குப் போன பிறகு எட்டு மணிக்கு என்று நகர்ந்திருக்கிறது. தாமஸ் குதைல், க்ளென் கபார்ட் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. நேரம், இடம், பணம், பரிசு, தொடுதல் என்று எல்லைகள் ஒவ்வொன்றாகத் தளர்வதைத்தான் அதில் அலசுகிறார்கள். அந்த இரண்டு மாற்றங்களையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி மனுவோடு சேர். எந்தச் சாட்சியையும்விட அது பேசும்.

கட்டணம் நின்றதால் நுகர்வோர் வழக்கு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. வி.பி. சாந்தா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் இடத்தில் ஒருவருக்கு இலவசமாகப் பார்த்தாலும் அவரும் நுகர்வோரே. இரண்டாண்டுக்குள் போட வேண்டும், அதில் கவனமாக இரு. 68ஆம் பிரிவுக் குற்றத்துக்கு அந்த மாதிரிக் காலவரம்பு கிடையாது. இந்தச் சிகிச்சையாளர் எம்.பி.பி.எஸ். படித்தவராக இருப்பதால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் போகட்டும். 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் நோயாளியோடு முறைகேடான உறவு தனிக் குற்றமாகவே இருக்கிறது. அதே விதிகள்படி, கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 25ஆம் பிரிவும் அந்த உரிமையைத் தருகிறது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் ஆவணங்களைக் கேள். பின்னால் கேட்டால் புதுக் குறிப்புகள் முளைத்திருக்கும்.

“மனநோயாளி சொல்வதைக் கோர்ட் நம்புமா” என்று கட்சிக்காரரின் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே, கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் சித்தம் கலங்கியவரும் சாட்சி சொல்லலாம் என்றது. புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. உன் கட்சிக்காரருக்குச் சித்தம் கலங்கவே இல்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறார், அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் அவருடைய பழைய வாழ்க்கையைக் கிளறுவார்கள். சம்மதத்தைக் காட்ட முந்தைய பாலியல் அனுபவத்தைக் கொண்டுவரக் கூடாது என்ற தடை 68க்கும் பொருந்தும். எழுந்து நின்று ஆட்சேபி. பெயரை வெளியிடத் தடை உண்டு, விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும் என்பதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒன்று என்னைக் கோபப்படுத்துகிறது. இதே கட்டு ஓர் ஆணுடையதாக இருந்தால் 68 உதவாது; அது பெண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தண்டனைச் சட்டத்தின் பழைய 377ஐயும் புதிய சட்டத்தில் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஆணுக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. கவுன்சில் புகார், நுகர்வோர் வழக்கு, மனநலச் சட்டம் என்று சுற்றி வர வேண்டியதுதான். அந்த மனநலச் சட்டத்திலோ முதல் முறை மீறலுக்கு ஆறு மாதச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பதுதான் உச்சம். நாடாளுமன்றம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய ஓட்டை அது.

கட்டணம் வாங்காமல் நடத்துகிறோம் என்ற நினைப்பு உன் பேச்சில் வரக் கூடாது. 1987 சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 2017 சட்டத்தின் 27ஆம் பிரிவு மனநோய் உள்ளவருக்குத் தன் உரிமைகளைக் காத்துக்கொள்ளத் தனியாகவே அதைத் தருகிறது. அதைச் சொல்ல வேண்டிய கடமை காவல் அதிகாரிக்கும் உண்டு. அந்த நிலையத்தில் சொன்னார்களா என்று கேட்டு எழுதிவை.

அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது கதவைத் திறந்துவை. வராந்தாவில் உன் கிளார்க்கம்மா இருக்கட்டும். கதை முழுவதையும் ஒரே நாளில் வாங்காதே. ஏற்கனவே ஓர் அறையில் எல்லாவற்றையும் கொட்டித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறார். அவர் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய், மனுவைவிட அது அவசரம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டரிடம் இந்த வாரமே சேர்த்துவிடு. இரவில் தாங்க முடியாமல் போனால் கூப்பிட 14416 என்ற எண்ணைக் கொடு. மனுவின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்