என் வரி மட்டும் இருந்த தாள்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் நாங்கள் எட்டுப் பேர், குரலுக்கு இருவராக, புதன்கிழமை மாலைகளில் கூடிப் பாடுகிறோம். பெரும்பாலும் 1600-க்கு முந்தைய ஐரோப்பிய இசை. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. டெனர் குரலில் நான் சேர்ந்து ஆறு வருடமாகிறது. சிறுவயதில் கர்நாடக சங்கீதம் படித்தவன், சுருதி பிசகாது என்ற தைரியத்தில்தான் போனேன்.

முதல் சோதனை அந்த சுருதியில்தான் வந்தது. நமக்குத் தம்புரா இருக்கிறது. சட்ஜம் ஓரிடத்தில் நிற்கும், நாம் போய்த் திரும்பலாம். இங்கே ஆதாரமே நகர்ந்துகொண்டிருக்கும். நான் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே கீழே பேஸ் குரல் மாறும். இதுவரை பஞ்சமமாக இருந்த என் ஸ்வரம் திடீரென்று காந்தாரமாகிவிடும். பஞ்சமத்துக்குச் சரியாக இருந்த உயரம் காந்தாரத்துக்குச் சற்று அதிகம். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பியானோவின் காந்தாரம் அதைவிட உயரம். அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் ஏறத்தாழ 14 பங்கு. அதனால் பியானோவோடு பழகிவிட்டு இந்த இசைக்கு வராதீர்கள். பேஸ் பாடுபவரின் அருகில் நின்று பழகுங்கள். கமகத்தையும் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். நான் ஸ்வரத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் மொத்த ஒலியும் கலங்கிவிடும்.

இரண்டாம் வருடம் வில்லியம் பேர்டின் நான்கு குரல் திருப்பலியை எடுத்தோம். 1590-களில் முகப்புத் தாளோ அச்சிட்டவர் பெயரோ இல்லாமல் வெளிவந்தது அது. பேர்ட் கத்தோலிக்கர், அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கத் திருப்பலி சட்டத்துக்கு விரோதம். வீடுகளுக்குள் ரகசியமாக, சிலர் மட்டும் கூடிப் பாட எழுதிய இசை. அன்று அச்சான முறைப்படியே குரலுக்கு ஒரு புத்தகம் என்று எங்களுக்குப் பிரதி தந்தார்கள். என் தாளில் டெனர் வரி மட்டும். மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. தாளத்தைப் பிரிக்கும் கோடுகளும் இல்லை.

கடைசிப் பகுதியான ‘அக்னுஸ் தேயி’ மேல்குரல்கள் இரண்டோடு மட்டும் தொடங்குகிறது. டெனர் காத்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். அந்த இரு குரல்களும் பின்னிக்கொண்டு போன அழகில் எண்ணிக்கை தப்பி, முன்னதாகவே நுழைந்துவிட்டேன். இரண்டு வாரம் அதே தவறு. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, மேல்குரல்களின் வரிகளை வீட்டில் மனப்பாடம் செய்தேன். அதன்பின் நான் நுழையும் இடத்தை அவர்களே காட்டினார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் வரியைப் படிக்கும் நேரத்தில் பாதியை, அதற்கு முன் வரும் வரிக்குக் கொடுங்கள்.

கோடுகள் இல்லாததும் நல்லதாயிற்று. கோடு இருந்தால் அதையடுத்த ஸ்வரத்தைத் தட்டத் தோன்றும். இந்த இசையில் அழுத்தம் சொல்லிலிருந்து வருகிறது. லத்தீன் வரியை ராகமில்லாமல் நாலு முறை உரக்கச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

தொடங்குவதற்குத் தாமஸ் டாலிஸின் ‘இஃப் யீ லவ் மீ’ நல்ல பாடல். நான்கே குரல், சின்னது. கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையதளத்தில் இத்தகைய பாடல்களின் தாள்கள் இலவசமாகக் கிடைக்கும்.

எனக்கு இன்னும் கைவராத இடம் ஒன்று உண்டு. அதே ‘அக்னுஸ் தேயி’யின் முடிவில் அமைதியை வேண்டும் சொற்கள் வரும்போது, ஒரு குரல் தன் ஸ்வரத்திலேயே நிற்க, மற்றவை நகர்ந்து அதனோடு உரசும். பிறகுதான் அது ஒரு படி இறங்கும். இந்த உரசல் மாறி மாறி ஒவ்வொரு குரலுக்கும் வருகிறது. நிற்பவருக்குத் தான் தவறாகப் பாடுவதுபோல் இருக்கும். சீக்கிரம் இறங்கிவிடத் துடிக்கும். இறங்கினால் அந்த வேண்டுதலின் வலி போய்விடும். என் தாளில் அந்த இடத்தில் ‘இறங்காதே’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் இன்னொரு டெனருக்குத் தமிழ் தெரியாது. என்னவென்று கேட்டார், சொன்னேன். அந்த எழுத்துகளைப் பார்த்து மெல்ல வரைந்து, தன் தாளிலும் எழுதிக்கொண்டார்.