வல்லிசை அன்பர்க்குப் பெங்களூர் வழி

மேனாட்டார் 'ஹெவி மெட்டல்' என வழங்கும் இசையை, இலக்கணம் பயில்வோன் ஆதலின், யான் 'வல்லிசை' என்பேன். அது வெறும் இரைச்சல் என்பார் நம்முள் பலர். ஆம்பூரில் தோல் பதனிடும் சாலையருகே பிறந்து, பெரிய மரப்பீப்பாய்கள் தோலும் நீருமாய்ச் சுழலும் ஓசையிலேயே உறங்கப் பழகிய எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அவ்விசை பிறந்ததும் ஒரு தொழில் நகரிலேயாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், 1965-ஆம் ஆண்டு, டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞர், தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆகவே தந்திகளை அழுத்தவேண்டியது அவ்வலக்கையே. மனந்தளர்ந்திருந்தவர், பிளாஸ்டிக்குப் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, பழைய தோற்சட்டையில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டி, மீண்டும் கிட்டார் பயின்றார். 1968-ல் அவர் தோழருடன் தொடங்கிய குழுவே மறு ஆண்டில் 'பிளாக் சப்பாத்' எனப் பெயர் பூண்டது. 1971-ல் வெளிவந்த அவர்தம் மூன்றாம் இசைத்தட்டில், விரல் வருந்தாதிருக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். ஓசை தாழ்ந்து கனத்தது.

என் தமையனார் ஆலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவர். பதனிடும் சாலை இயந்திரத்தில் ஒரு விரல் நுனி போனபின் அதனைச் சுவரில் மாட்டிவிட்டார். இவ்வரலாற்றை நான் சொல்லக் கேட்டு அவர் வினவியது ஒன்றே: "ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?" எனக்கு விடை தெரியவில்லை.

நிற்க. பெங்களூர் செல்வோர் ஆம்பூரில் வண்டியேறி, வாணியம்பாடி, ஜோலார்ப்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை வழியே சென்று, கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்குக. அரண்மனை அண்மையிலேயே உளது. கேரட் ஐயர் என்னும் பாதிரியாரிடமிருந்து 1873-ல் மைசூர் அரச குடும்பத்துக்காக வாங்கப்பட்ட இடம் அது. அதன் மைதானத்திலேதான் 2007 மார்ச்சு 17-ல் 'அயர்ன் மெய்டன்' குழுவினரும், 2011 அக்டோபர் 30-ல் 'மெட்டாலிகா' குழுவினரும் வாசித்தனர். பாதிரியார் இருந்த இடத்திலா இவ்வோசை என்று எம் ஆசிரியர் ஒருவர் நகைத்தார்.

வந்தவரைக் கேட்பதோடு அந்நகரம் நின்றுவிடவில்லை. 1998-ல் அங்குத் தோன்றிய 'கிரிப்டாஸ்' குழு, 2013-ல் ஜெர்மனியின் வாக்கன் பெருவிழாவில் வாசித்தது. 'பெங்களூர் ஓப்பன் ஏர்' என்னும் வல்லிசை விழா 2012-ல் தொடங்கியது. விழாக்களுக்கு இடம் மாறுவதுண்டு. சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்க. மதுக்கடைகளிலும் இவ்விசை கேட்கலாமாம். அவ்வழி எனக்குத் தெரியாது.

காதுக்குப் பஞ்சு போதாது. 100 டெசிபல் ஓசையில் கால் மணி நேரத்துக்குமேல் நிற்பது செவிக்குக் கேடு. நல்ல காதடைப்பான் கொண்டு செல்க. தாம் சாலையில் இடும் காதடைப்பானையே தமையனார் எனக்குத் தந்தார். அடுத்த விழா எம்மாதம் என்றும் கேட்டார். கிட்டார் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.